லட்டுவும் பிஸ்கட் டப்பாவும்

நாய்க்குப் பல் கூசும் என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? நான் நம்பியிருக்க மாட்டேன். எலும்பைக் கடித்து நொறுக்குகிற ஜாதிக்குப் பல் கூச்சமாவது, மண்ணாவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட எங்கள் வீட்டில், ஒரு நாயின் பல்லை முன்னிட்டு மாமியாரும் மருமகளும் நாலு மாத காலம் சரியாக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம் என்றால் சிரிக்கத்தான் செய்வீர்கள். சிரியுங்கள். ஆனால் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். நாய் வளர்க்கிறவர்களுக்கு இது உபயோகப்படும். வளர்க்காதவர்களுக்கும் வீட்டில் ஒரு மாமியாரோ மருமகளோ இருக்கக்கூடும், அவர்களுக்கும் உபயோகப்படும்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு புரட்டாசிக் கடைசியில் என் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, புத்தகப் பையைத் தோளிலும் ஒரு நாய்க்குட்டியைக் கையிலும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். சிநேகிதி வீட்டு நாய் குட்டி போட்டதாம், இரண்டு மாதமாகிறதாம், எடுத்துக்கொள்ள ஆளில்லையாம். உருண்டையாக, மஞ்சளாக, நடுவில் ஒரு முந்திரிப் பருப்பு வைத்தது போன்ற மூக்குடன் அது என்னைப் பார்த்தது. "லட்டு மாதிரி இருக்கிறதே!" என்று அத்தை சொல்லிவிட்டார். பெயர் வைத்தாயிற்று. பெயர் வைத்த பிறகு ஒரு பிராணியை வீட்டை விட்டு அனுப்ப முடியுமா?

"குட்டிக்கு ஊசி போட வேண்டும் அம்மா, எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டுமாம்" என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். அத்தை அதைக் கேட்டுக்கொண்டு, சமையலறையில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டர் தாளில் பென்சிலால் 'லட்டு ஊசி' என்று எழுதியும் வைத்தார். அந்தத் தேதி வந்தது, பையனுக்குப் பரீட்சை. தாளைக் கிழித்தேன். அடுத்த வாரத் தாளில் அத்தை மறுபடி எழுதினார். அன்று நல்ல மழை. அதையும் கிழித்தேன். பிறகு தீபாவளி வந்துவிட்டது. துணி எடுக்கப் பாண்டிபஜாருக்கு மூன்று தடவை போய்வர எனக்கு நேரம் இருந்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு தெரு தாண்டிப் போவதற்கு நேரம் இல்லை. தெருவுக்கே போகாத குட்டிக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தீபாவளி கழிந்து ஒரு வாரத்தில் வந்துவிட்டது.

முதலில் சோர்வு. பிறகு கண்ணில் பீளை, மூக்கில் சளி, உடம்பு அனலாய்க் கொதித்தது. இருமல், பேதி எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. பக்கத்து டாக்டர் பார்த்துவிட்டு, 'டிஸ்டெம்பர்' என்று ஒரே வார்த்தையில் சொன்னார். கிருமியை நேராகக் கொல்ல மருந்து கிடையாது என்றும், உடம்பைத் தாங்கிப் பிடித்துக்கொள்வதுதான் வைத்தியம் என்றும் சொல்லி, சலைன் ஏற்றினார். கூடவே வேறு தொற்று சேர்ந்துவிடாமலிருக்க ஊசி போட்டார். பகலில் நான் தூக்கிக்கொண்டு போவேன். இரவெல்லாம் அத்தைதான். வெந்நீரில் பஞ்சை நனைத்து அதன் கண்ணைத் துடைப்பார். கஞ்சித் தெளிவைத் தேக்கரண்டியால் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விடுவார். எழுபது வயதில், கூடத்துத் தரையில் சாக்கு விரித்து அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். கார்த்திகைத் தீபத்தன்று லட்டு எழுந்து நாலு அடி நடந்து, வாசலில் வைத்திருந்த அகல் விளக்கை மோந்து பார்த்தது. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிழைத்துவிட்டது. முன்னங்கால் ஒன்று தூக்கத்தில் மட்டும் வெடுக்கு வெடுக்கென்று துடிக்கும். அவ்வளவுதான் மிச்சம் என்று நினைத்தோம்.

* * *

தை மாதத்தில் பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்தது. நாய்க்கும் நம்மைப் போலப் பால் பல் உண்டு, மொத்தம் 28. அவை விழுந்து, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 நிலையான பற்கள் வந்துவிடுகின்றன. நமக்கு 32தான். இந்த விஷயத்தில் நாய் நம்மைவிடப் பத்துப் பல் பணக்காரன்.

ஆனால் லட்டுவின் புதுப் பற்களைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. நுனி வெள்ளையாக இருந்தது. அதற்குக் கீழே ஈறுப் பக்கமாகக் காவி நிறத்தில் ஒரு பட்டை. தொட்டால் சொரசொரவென்று சிறு சிறு குழிகள். புதுப் பல்லே இப்படி என்றால் என்ன அர்த்தம்? சொத்தை! சொத்தை எதனால் வரும்? தித்திப்பால்! லட்டுவுக்குத் தித்திப்பு கொடுப்பது யார்?

சாயங்காலக் காப்பியுடன் அத்தை இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொள்வார். ஒன்று அவருக்கு, ஒன்று லட்டுவுக்கு. சில நாள் ஒரு சிட்டிகை வெல்லமும் உண்டு. நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தவள், அன்றைக்கு வாய் திறந்தேன்.

"அத்தை, நீங்கள் ஆசைக்குக் கொடுக்கிறீர்கள். அதன் பல்லைப் பாருங்கள், அத்தனையும் சொத்தை. வாயில்லாப் பிராணியின் வாயைக் கெடுத்துவிட்டோமே!"

'கெடுத்துவிட்டீர்களே' என்று சொல்லவில்லை, கவனியுங்கள். 'கெடுத்துவிட்டோமே' என்றுதான் சொன்னேன். ஆனால் மருமகள் சொல்லுகிற 'ஓம்' எது, 'ஈர்கள்' எது என்று மாமியாருக்குத் தெரியாதா?

அத்தை பதில் பேசவில்லை. உள்ளே போய் பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து காப்பியைத் தன் அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு குடித்தார். லட்டு கதவடியில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்திருக்கும். கதவு திறக்காது. அவர் காப்பியுடன் பிஸ்கட் சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டார் என்பதைக்கூட, டப்பா காலியாகவில்லையே என்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பிஸ்கட்டை நிறுத்தியும் பல் தேறவில்லை. பட்டைகள் செதில் செதிலாக உதிர்ந்தன. குளிர்ந்த தண்ணீரில் வாய் வைத்தால் லட்டு தலையை உதறும். சோற்றை ஒரு பக்கமாகவே ஒதுக்கி மெல்லும். வைகாசியில் ஒரு நாள் தட்டைத் தொடாமலே திரும்பி வந்துவிட்டது. முன்பு பார்த்த டாக்டர் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டார். விசாரித்து, நாய்களின் பல்லைப் பார்ப்பதில் தேர்ந்த ஒரு டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கினேன். லட்டுவை மடியில் வைத்துக்கொள்ள வேறு யாராலும் முடியாது; ஆகையால் அத்தையும் வந்தார். ஆட்டோவில் எங்கள் இருவருக்கும் நடுவில் லட்டு மட்டும் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தது.

* * *

டாக்டரம்மா உதட்டைத் தூக்கிப் பார்த்தார். துப்பறியும் கதையில் வருகிறவரைப்போல் கேள்வி மேல் கேள்வி கேட்டார்.

"கறை ஒரே ஒரு பல்லில் இருந்தால், பால் பல்லில் அடிபட்டிருக்கும், அல்லது அதன் வேரில் சீழ் பிடித்திருக்கும். அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் புதுப் பல்லை அது கெடுத்துவிடும். இங்கே அப்படியில்லை, பல பற்களில் இருக்கிறது. குட்டியாக இருந்தபோது எந்த ஊரில் தண்ணீர் குடித்தது?"

"சென்னைதான். ஏன் டாக்டர்?"

"தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அங்கே எத்தனை குழந்தைகளின் பல்லில் காவிக் கறை படிந்தது! அதற்காகவே 2013-ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தைத் தொடங்கினார்கள். பல் உருவாகும் வயதில் ஃபுளோரைடு அளவுக்கு மிஞ்சினால் மனிதனுக்கும் கெடுதல், நாய்க்கும் கெடுதல். சரி, கல்லைக் கடிக்குமா? கூண்டுக் கம்பியைக் கடிக்குமா? டென்னிஸ் பந்து?"

பந்து வீசுவது எங்கள் வீட்டுக்காரரின் வேலை. டென்னிஸ் பந்தின் மேலுள்ள பஞ்சில் மண் ஏறிக்கொண்டால் அது உப்புக்காகிதம் மாதிரி பல்லைத் தேய்த்துவிடுமாம். கூண்டுக் கம்பியைக் கடிக்கும் நாய்க்குக் கோரைப் பல்லின் பின்பக்கம் தேயுமாம். தினவெடுத்துத் தன் தோலையே ஓயாமல் கடித்துக்கொள்ளும் நாய்க்கு முன்பற்கள் தேய்ந்து குட்டையாகிவிடுமாம். "ஆனால் தேய்ந்த பல் வழவழப்பாக இருக்கும். இது குழி குழியாக இருக்கிறதே!" என்றார்.

பொறுக்க முடியாமல் நானே கேட்டேன். "பிஸ்கட், வெல்லம் எல்லாம் தின்றதால் வந்த சொத்தை இல்லையா டாக்டர்?"

அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாய்க்குச் சொத்தை வருவது அபூர்வம் அம்மா. வரவே வராது என்றில்லை. ஆனால் அதன் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை உள்ளது, புளிப்பு தங்காது. பற்களும் கூராக இருப்பதால் தின்பண்டம் ஒட்டிக்கொண்டு ஊற இடம் குறைவு. வந்தால் தட்டையான கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் வரும். இந்தக் கோரைப் பல்லைப் பாருங்கள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இரண்டிலும் ஒரே உயரத்தில் பட்டை. 2015-ல் வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுச் சுவர்களில் ஒரே மட்டத்தில் ஒரு கறை நின்றதே, நினைவிருக்கிறதா? அது மாதிரி. தின்பண்டம் இப்படி அளவெடுத்து வேலை செய்யாது. இது ஒரு வெள்ளம் வந்துபோன அடையாளம்."

பிறகு அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். பல்லின் மேலே வெள்ளையாக, கண்ணாடிபோல் கெட்டியாக இருக்கிறதே, அதுதான் எனாமல். நாய்க்கு அது மிகவும் மெல்லியது; பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. பல் ஈறுக்குள் மறைந்திருக்கும்போதே சில விசேஷ உயிரணுக்கள் நுனியிலிருந்து தொடங்கி ஈறு வரை அதைப் பூசிக்கொண்டே வருகின்றன. பல் வெளியே தலை நீட்டும்போது பூச்சு வேலை முடிந்து, பூசினவர்களும் மறைந்துவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் அத்தை முதல் தடவையாக வாய் திறந்தார். "பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற மாதிரியா?"

"அதேதான் பாட்டி! ஆனால் ஒரு வித்தியாசம். ஈயம் போனால் மறுபடி பூசிக்கொள்ளலாம். முளைத்த பல்லுக்கு மறுபடி பூச உடம்பில் ஆளில்லை. அதனால்தான் பூச்சு வேலை நடக்கிற சமயத்தில் பலத்த ஜுரமோ, போஷாக்குக் குறைவோ வந்தால், அன்றைக்கு எந்த இடம் பூசப்படுகிறதோ அந்த இடம் மட்டும் வெற்றிடமாக நின்றுவிடுகிறது. நுனி நன்றாக இருக்கிறது. ஈறுப் பக்கம் கெட்டிருக்கிறது. ஆகவே பிறந்தபோது குட்டி சௌக்கியமாகத்தான் இருந்திருக்கிறது. இரண்டு மூன்று மாதமான சமயத்தில் ஏதாவது பெரிய ஜுரம் வந்ததா?"

என் வாய் உலர்ந்துவிட்டது. வந்ததைச் சொன்னேன்.

"டிஸ்டெம்பர்தான். அந்தக் கிருமிக்கு அந்தப் பூச்சுக்காரர்கள் மேலேயே நேராகக் கண். தூக்கத்தில் கால் துடிப்பதும் அது வைத்துவிட்டுப் போனதுதான். ஊசி போட்டிருந்தீர்களா?"

நான் தரையைப் பார்த்தேன். இரண்டு காலண்டர் தாள்களை என் கையாலேயே கிழித்துக் கசக்கிப் போட்டது கண் முன்னால் நின்றது. பிஸ்கட் கொடுத்த கை கெடுக்கவில்லை. தாளைக் கிழித்த கைதான் கெடுத்தது.

அத்தை சொன்னார்: "அப்போது நல்ல மழைக்காலம் டாக்டர். குட்டியை வெளியே எடுத்துக்கொண்டு போக முடியவில்லை."

அவ்வளவுதான் சொன்னார். நாலு மாதமாகத் தன் மேல் ஒரு பழியைச் சுமந்துகொண்டு, 'நான் இரண்டு தடவை எழுதி வைத்தேனே, நீதானே கிழித்தாய்?' என்று ஒரு நாளும் கேட்காத மனுஷி, அன்றைக்கும் கேட்கவில்லை. எனக்காக மழையைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

* * *

வைத்தியம் என்ன என்று கேட்பீர்கள். எனாமல் இல்லாத இடத்தில் அடியிலிருக்கும் பாகம் வெளியே தெரிகிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழாய்கள் நரம்பு வரையில் போகின்றன. அதனால்தான் கூச்சம், வலி. சொரசொரப்பில் அழுக்கும் காரையும் சீக்கிரம் சேரும், ஈறு கெடும். லட்டுவுக்கு மயக்கம் கொடுத்து, வேர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உதிரும் விளிம்புகளை வழவழப்பாக்கி, குழாய் வாய்களை அடைக்கும் பூச்சு ஒன்றைப் பூசினார்கள். மோசமாக இருந்த இரண்டு பற்களுக்கு, நமக்குப் பல் அடைப்பது போலவே அடைத்தார்கள். அன்று இரவு லட்டு தட்டை நக்கிய சத்தம் கூடத்தில் கேட்டது.

அதன் பிறகு தினமும் பல் தேய்த்துவிட வேண்டும். நாய்க்கென்று விற்கும் பற்பசைதான் உபயோகிக்க வேண்டும், இதை மறக்காதீர்கள். நாம் உபயோகிக்கும் பற்பசையை அது துப்பாது, விழுங்கிவிடும். சிலவற்றில் தித்திப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாய்க்கு விஷம். கெட்டி எலும்பு, கொம்பு எல்லாம் கொடுத்தால் மேல்வரிசைப் பெரிய பல் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடுவதும் உண்டு. கல் கடிக்கும் குட்டியையும் தடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பின் இந்த டிஸ்டெம்பரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நம் குழந்தைகளுக்கு வரும் தட்டம்மைக் கிருமியின் நெருங்கிய உறவாம் இது. ஆனால் நமக்கு இந்நோய் வருவதில்லை. அம்மைப் பாலைக் கண்டுபிடித்த எட்வர்ட் ஜென்னரே 1809-ல் நாய்களின் இந்த நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். இது நுண்ணிய வைரஸால் வருவது என்று 1905-ல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி காரே காட்டினார். 1920-களில் இங்கிலாந்தில் லெய்ட்லா, டன்கின் என்ற இருவர் தடுப்பு மருந்துக்கு வழி கண்டார்கள். 2018-ல் குஜராத்தின் கீர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்து மடிந்தபோது, அவற்றில் சிலவற்றின் உடம்பில் இந்தக் கிருமியைத்தான் கண்டார்கள். சிங்கத்தையே விட்டுவைக்காத கிருமிக்கு எங்கள் லட்டு எம்மாத்திரம்! காற்றில் தெறிக்கும் சளித் துளியிலும் பரவும் நோய்க்கு, 'தெருவுக்கே போகாத குட்டி' என்று நான் சொல்லிக்கொண்ட சமாதானம் எம்மாத்திரம்!

ஊசிக் கணக்கு இதுதான்: ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி. பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவையாக, பதினாறு வாரம் ஆகும் வரையில். பிறகு ஒரு வருஷம் கழித்து. அப்புறம் டாக்டர் சொல்கிறபடி. ஏன் இத்தனை தடவை என்றால், தாய்ப்பால் மூலம் வந்த காப்பு குட்டியின் உடம்பில் இருக்கும் வரையில் ஊசி மருந்தை அது வேலை செய்ய விடாது. அந்தக் காப்பு எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஆகவே இடைவெளி விடாமல் போட்டுக்கொண்டே வரவேண்டும்.

ஊசி போட்டும் பல் கெட்டு வந்தால்? சில உயர்ஜாதி நாய்களுக்கு இது பரம்பரையாக வருவதும் உண்டு. வேறு காரணங்களும் உண்டு என்று மேலே சொன்னேன். பல் கறுத்தால், யார் என்ன கொடுத்தார்கள் என்று வீட்டில் விசாரணை நடத்தாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

அன்று வீட்டுக்குத் திரும்பினதும் என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? நம் வீடுகளில் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் ஏது? டிகாக்ஷனைக் கெட்டியாக இறக்கிக் காப்பி கலந்தேன். பிஸ்கட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அத்தையின் அறைக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. எனக்கு முன்னால் லட்டு போய் மூக்கால் தள்ளிற்று, திறந்துகொண்டது.

"அத்தை, அந்தக் காலண்டர் தாள்..." என்று ஆரம்பித்தேன்.

"காப்பி ஆறிவிடும், கொடு" என்றார் அத்தை. ஒரு பிஸ்கட்டை எடுத்து, பாதியாக உடைத்து, என்னைப் பார்த்தார். "இதனால் பல் கெடாது என்றுதானே சொன்னார்?"

"பல் கெடாது அத்தை. உடம்பு பருக்கும், ஆகையால் தித்திப்பு வேண்டாம் என்று சொன்னார்."

"அப்படியானால் இதை நீ சாப்பிடு" என்று அந்தப் பாதியை என் கையில் வைத்தார்.

லட்டுவுக்கு இப்போது பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கேரட் துண்டு. காலையில் அதன் பல்லைத் தேய்ப்பது அத்தையின் வேலை. மெல்லிய மல் துணியை விரலில் சுற்றிக்கொண்டு தேய்க்கிறார். அதுவும் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. வாயைத் திறந்தால் காவிப் பட்டை இன்னும் தெரியத்தான் தெரிகிறது, அது போகாது. வருஷா வருஷம் ஊசி நாள் நெருங்கினால் அத்தை காலண்டரில் பென்சிலால் எழுதிவிடுகிறார். அந்தத் தாளை மட்டும் நான் கிழிப்பதில்லை; ஊசி போட்டுக்கொண்டு வந்த பிறகு அவரே கிழிக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.